சேர்ந்த நாள், இறந்த நாள்: கோவிட் மரணக் குறிப்புகள் சொல்வது என்ன?

2020 மார்ச் 25 அன்று அதிகாலையில் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் 54 வயது ஆண் ஒருவர் இறந்தார். தமிழ்நாட்டில் கோவிட் தொற்றால் பதிவான முதல் மரணம் அது. அன்றைய சுகாதாரத்துறை அமைச்சர் அதை அறிவித்தபோது, இறந்தவருக்குக் கட்டுப்படாத நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், ஸ்டீராய்டு மருந்தை நம்பியே இருந்த நாட்பட்ட நுரையீரல் நோய் ஆகியவை இருந்ததையும் சேர்த்தே சொன்னார். அதற்குப் பிறகு வந்த மரணங்களுக்கெல்லாம் அந்த அறிவிப்பே வார்ப்பாகிவிட்டது. மாநில அரசு நாள்தோறும் வெளியிட்ட செய்திக்குறிப்பில் ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு பத்தி இருந்தது. வயது, பாலினம், மாவட்டம், இணைநோய்கள், எத்தனை நாள் காய்ச்சல், எத்தனை நாள் மூச்சுத்திணறல், எந்த வகை மருத்துவமனை, சேர்ந்த தேதி, இறந்த தேதி, மருத்துவர் எழுதிய காரணம் என்று பெயரைத் தவிர மற்றதெல்லாம் அதில் இருக்கும். இவ்வளவு விவரத்தோடு தன் சாவுகளை மாநிலம் நீண்ட காலம் தொடர்ந்து ஊரறிய எழுதிவைத்தது. அரசு கணக்குப்படி இறந்தவர்கள் ஏறத்தாழ 38,000 பேர். அந்தக் குறிப்புகளில் எல்லோர் கண்ணிலும் பட்டது இணைநோய்ப் பட்டியல். வரியின் கடைசியில் அடுத்தடுத்து நின்ற இரண்டு தேதிகளை நாம் போதிய அளவு படிக்கவில்லை. மருத்துவமனையில் இறந்த கோவிட் நோயாளி யார் என்ற கேள்விக்கு அந்தத் தேதிகள் தரும் விடை, இணைநோய்ப் பட்டியல் தரும் விடையைவிடப் பயனுள்ளது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் உறுதியாகத் தெரிந்தவற்றைச் சொல்லிவிடலாம். 2020 இறுதியில் 'சயின்ஸ்' ஆய்விதழில் தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம் இரண்டையும் பற்றி ரமணன் லட்சுமிநாராயணன் குழுவினரின் ஆய்வு வெளியானது. அப்போதைய தமிழகச் சுகாதாரத்துறைச் செயலர் ஜெ. இராதாகிருஷ்ணனும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். தொற்று உறுதியானவர்களில் இறந்தவர்களின் விகிதம் 5 முதல் 17 வயது வரை 0.05 சதவீதமாகவும், 85 வயதைத் தாண்டியவர்களிடம் 16.6 சதவீதமாகவும் இருந்தது. வயது ஏற ஏறச் சாவு கூடும் என்பதில் இந்நோய் எங்கும் மாறவில்லை. இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு இணைநோயாவது இருந்தது. முதலிடம் நீரிழிவுக்கு, அடுத்த இடம் இரத்த அழுத்தத்துக்கு, பிறகுதான் இதயநோயும் சிறுநீரக நோயும். பெண்களைவிட ஆண்கள் கூடுதலாக இறந்தார்கள். தமிழகத்தின் மரணக் குறிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு எட்வின் சாம் ஆசீர்வாதம் குழுவினர் செய்த ஆய்வும் இதே வரிசையைத்தான் காட்டியது. வூஹானிலும் நியூயார்க்கிலும் லண்டனிலும் எழுதப்பட்ட பட்டியல்கள் இதிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. இங்கிலாந்தில் 1.7 கோடிப் பேரின் மருத்துவப் பதிவுகளையும் 10,926 கோவிட் மரணங்களையும் வைத்துச் செய்த 'ஓப்பன்சேஃப்லி' ஆய்வு முதுமை, ஆண்பால், கட்டுப்படாத நீரிழிவு, உடற்பருமன் ஆகியவற்றோடு ஏழ்மையையும் ஆபத்துக் காரணியாகக் கண்டது. நோய்களைக் கணக்கில் கழித்த பின்னும் ஏழ்மையின் பங்கு முழுதாகக் கரைந்துவிடவில்லை என்பது அதில் கவனிக்க வேண்டிய செய்தி.

தமிழகம் வேறுபட்ட இடங்கள் இரண்டு. ஒன்று வயது. தமிழகம், ஆந்திரம் இரண்டிலும் இறந்தவர்களில் 75 வயதைக் கடந்தவர்கள் சுமார் 18 சதவீதம். அமெரிக்காவில் அதே பங்கு 58 சதவீதம். இங்கே அதிக மரணங்கள் 50 முதல் 64 வயதுக்குள் குவிந்தன. நம் மக்கள்தொகையில் இளையவர்கள் அதிகம், அதனால் அப்படித் தெரிகிறது என்று உடனே ஒரு மறுப்பு எழும். அந்த வேறுபாட்டைக் கழித்துப் பார்த்த பிறகும் சாவு நடுவயதை நோக்கிச் சாய்ந்திருந்தது என்றுதான் அந்த ஆய்வு சொல்கிறது. இன்னொன்று காலம். மருத்துவமனையில் சேர்ந்து இறந்தவர்களில் பாதிப்பேர் ஏறத்தாழ 5 நாளுக்குள் இறந்திருந்தார்கள். ஆசீர்வாதம் குழுவின் கணக்கில் அது இன்னும் குறைந்து 4 நாளை ஒட்டி வருகிறது. அமெரிக்காவில் இதற்கு இணையான அளவு 13 நாள். முதல் வேறுபாட்டைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். இரண்டாவதைப் பற்றி எழுதியது குறைவு, எழுதியவர்களும் ஒரு வரியில் கடந்துவிட்டார்கள்.

மருத்துவமனை வாசலில் நுழைந்தவர் நான்கைந்து நாளில் இறக்கிறார் என்றால் அதற்கு என்ன பொருள்? கோவிட் திடீரென்று கொல்லும் நோயில்லை. முதல் வாரம் காய்ச்சலும் இருமலும் உடல்வலியுமாகப் போகும். ஆபத்துக்குப் போகிறவர்களுக்கு ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் நுரையீரல் அழற்சி முற்றும். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கும், மூச்சு எண்ணிக்கை நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டும். மத்திய அரசின் சிகிச்சை நெறிமுறை இதை நடுத்தர நிலை என்றும், ஆக்சிஜன் 90-க்குக் கீழே அல்லது மூச்சு 30-க்கு மேலே போனால் கடுமையான நிலை என்றும் பிரித்தது. நடுத்தர நிலையில் ஆக்சிஜனும் ஸ்டீராய்டும் கொடுத்தால் பலரைக் காப்பாற்ற முடியும். 2020 ஜூனில் பிரிட்டனின் 'ரிகவரி' ஆய்வு, நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெறுபவர்களின் சாவை ஐந்தில் ஒரு பங்கும் குறைக்கிறது என்று காட்டியது. எந்த ஊர் மெடிக்கலிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய மருந்து அது. ஆக, காப்பாற்றக் கூடிய ஒரு சாளரம் இருந்தது. சேர்ந்த நான்காம் நாளில் இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தச் சாளரம் மூடிய பிறகு, அல்லது மூடுகிற நேரத்தில் வந்தவர்கள் என்பதே நேரான விளக்கம்.

இந்த விளக்கத்துக்கு எதிராக ஒரு வலுவான கேள்வி உண்டு, அதைத் தவிர்த்துவிட்டுப் போகக் கூடாது. வூஹான் மருத்துவமனைகளில் 191 நோயாளிகளைப் பற்றி 2020 மார்ச்சில் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், அறிகுறி தொடங்கியதற்கும் மருத்துவமனையில் சேர்ந்ததற்கும் இடையே 11 நாள். தமிழகக் குறிப்புகளில் அது நான்கு நாள் அளவில்தான் இருக்கிறது. அப்படியானால் நம்மவர்கள் முன்கூட்டியே அல்லவா வந்திருக்கிறார்கள், தாமதம் என்று எப்படிச் சொல்வது? கணக்கை முழுதாகப் பார்த்தால் இந்த வாதம் தன்னைத்தானே மறுத்துக்கொள்கிறது. வூஹானில் அறிகுறி தொடங்கி இறக்கும் வரை 18 நாளுக்கு மேல் ஆனது. இங்கே இரண்டையும் கூட்டினால் எட்டு ஒன்பது நாள். 2020-ல் இரண்டு இடத்திலும் பரவியது ஏறத்தாழ ஒரே வைரஸ். அது இங்கே மட்டும் பாதி நாளில் நுரையீரலைத் தின்றுவிடக் காரணமில்லை. அறிகுறி தொடங்கிய நாள் என்பது நோயாளியோ கூட வந்தவரோ சேர்க்கை மேசையில் சொன்னது. முதலில் இரண்டு நாள் இருந்த உடல்வலியையும் சளியையும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. வீட்டு வாசலில் தகரம் அடித்த காலத்தில் காய்ச்சல் வந்த நாளைக் குறைத்துச் சொல்லவே எல்லோருக்கும் தோன்றும். சேர்ந்த தேதியும் இறந்த தேதியும் அப்படியல்ல, அவை பதிவேட்டில் இருப்பவை. நம்பத் தகுந்த அந்த இரண்டுக்கும் இடையில்தான் நான்கு நாள் இருக்கிறது.

இன்னொரு பாதியும் இதில் உண்டு. மற்ற நாடுகளில் இறந்தவர்கள் மருத்துவமனையில் நீண்ட நாள் இருந்ததற்கு ஒரு காரணம், அவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் தாங்கப்பட்டார்கள் என்பது. கருவியும், அதை இயக்கத் தெரிந்த செவிலியரும், இரவில் விழித்திருக்கும் மருத்துவரும் இருந்தால் சாவு தள்ளிப்போகும், சிலருக்கு விலகியும் போகும். எனவே குறுகிய நாள்கணக்கு இரண்டு குறைகளைச் சேர்த்தே காட்டுகிறது. நோயாளி தாமதமாக வந்தார், வந்த இடத்தில் அவரைத் தாங்கும் வசதி குறைவாக இருந்தது. இரண்டில் எது எவ்வளவு என்பதை ஊருக்கு ஊர்தான் பிரித்தறிய வேண்டும்.

மத்தூரை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரிக்கும் ஊத்தங்கரைக்கும் நடுவே, திருவண்ணாமலை செல்லும் சாலையில் இருக்கும் ஒன்றியத் தலைநகர் அது. சுற்றிலும் மாந்தோப்புகள், ஒருபக்கம் பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட்டுகள், வடமேற்கே ஓசூரின் கம்பெனிகள், அதற்கும் அப்பால் ஜூஜூவாடி சோதனைச்சாவடியைத் தாண்டினால் அத்திப்பள்ளியும் பெங்களூரும். 2020 மே 1 அன்று மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் தமிழகத்தின் ஒரே பச்சை மண்டலம் கிருஷ்ணகிரி மாவட்டம்தான். அடுத்த சில நாளிலேயே அந்தப் பெருமை போய்விட்டது. மாநில எல்லையை நாள்தோறும் கடந்து பிழைக்கும் மாவட்டத்தில் அது நிலைத்திருக்கவும் முடியாது. ஆனால் கவனிக்க வேண்டியது இது: தொற்றின் இரண்டு பெரிய அலைகளின்போதும் இந்த மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. போலுப்பள்ளியில் கட்டப்பட்ட கல்லூரி 2022 ஜனவரி 12 அன்றுதான், மாநிலத்தின் மற்றப் பத்துப் புதிய கல்லூரிகளோடு சேர்த்துத் திறந்துவைக்கப்பட்டது. அதுவரை மத்தூரில் மூச்சுத்திணறும் ஒருவருக்கு முன்னே இருந்த வழி, உள்ளூர் சுகாதார நிலையம், கிருஷ்ணகிரி அரசுத் தலைமை மருத்துவமனை, அங்கேயும் முடியாவிட்டால் தருமபுரி அல்லது சேலம் மருத்துவக் கல்லூரி. கையில் காசிருந்தால் ஓசூர் தனியார் மருத்துவமனை அல்லது பெங்களூர். 2021 ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரிலேயே தீவிர சிகிச்சைப் படுக்கைக்கு மக்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். மே 10 முதல் தமிழகத்தில் பேருந்தும் ஓடவில்லை. 108 வரவேண்டும், இல்லையென்றால் வாடகைக்குக் கார் பிடிக்க வேண்டும். மே மாதம் மாங்காய் இறங்கும் காலம். கூலிக்காரருக்கும் குத்தகைதாரருக்கும் படுத்துக்கொள்ள முடியாத மாதம்.

ஆக்சிஜனைப் பற்றி ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தூரம் எப்படிச் சாவாகிறது என்பது புரியும். பெரிய சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 7,000 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். மூக்கில் குழாய் வைத்து நிமிடத்துக்கு 2 லிட்டர் போதும் என்ற நிலையில் வருபவருக்கு அது இரண்டு நாளுக்கு மேல் வரும். முகமூடி போட்டு 10 லிட்டர் தேவைப்படுபவருக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட வராது. உயர்பாய்வு மூக்குக்குழாயில் 60 லிட்டர் தேவைப்படுபவருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். அதாவது மூன்று நாள் முன்னதாக வந்த ஒருவரைச் சிறிய மருத்துவமனையே காப்பாற்ற முடியும். மூன்று நாள் கழித்து வந்தால் அதே ஆளுக்கு திரவ ஆக்சிஜன் தொட்டியும் குழாய் இணைப்பும் உள்ள பெரிய மருத்துவமனை தேவை. தாமதம் நோயாளியின் உடலை மட்டும் கெடுப்பதில்லை, அவருக்கு உதவக்கூடிய இடங்களின் எண்ணிக்கையையும் குறைத்துவிடுகிறது. மரணக் குறிப்பில் இது எதுவும் வராது. அங்கே இருப்பது நீரிழிவும் இரத்த அழுத்தமும்தான்.

நீரிழிவும் இரத்த அழுத்தமும் காரணமே இல்லை என்று நான் வாதிடவில்லை. சர்க்கரை கட்டுப்படாத உடலில் எதிர்ப்பாற்றல் தளரும், இரத்தக் குழாய்கள் ஏற்கெனவே பழுதுபட்டிருக்கும். ஸ்டீராய்டு சேரும்போது சர்க்கரை இன்னும் ஏறும். 2021 மே மாதத்தில் கறுப்புப் பூஞ்சை நோயை அரசு அறிவிக்கத்தக்க நோயாக்க வேண்டி வந்ததும் அதனால்தான். கேள்வி வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய நாடு தழுவிய நீரிழிவு ஆய்வின்படி தமிழகத்தில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு உண்டு. மாநில அரசு 2020-ல் நடத்திய தொற்றாநோய்க் கணக்கெடுப்பில் நீரிழிவு உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும், இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு நோய் கட்டுப்படவில்லை என்ற நிலையில் ஒரு வைரஸ் வந்திறங்கினால், இறந்தவர்களின் தன்மை எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல ஆய்வே தேவையில்லை. "சுகர் இருந்தது, அதனால் இறந்தார்" என்று எழுதுவது பாதி உண்மை. அந்தச் சுகர் ஏன் ஆண்டுக்கணக்கில் பார்க்கப்படாமல் இருந்தது என்பது மீதிப் பாதி. முதல் பாதி இறந்தவரின் உடலைப் பற்றியது, இரண்டாவது நம் மருத்துவ அமைப்பைப் பற்றியது. அரசுகளுக்கும் கேட்பவர்களுக்கும் முதல் பாதியே வசதியாக இருந்தது. எனக்கு அந்த நோயில்லை, எனவே நான் தப்பிப்பேன் என்ற ஆறுதலை ஒவ்வொரு மாலைச் செய்திக்குறிப்பும் கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்த ஆறுதலை இரண்டாம் அலை உடைத்தது. 2021 மே 21 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. மே மாத இறுதியில் நாளொன்றுக்கு 500 பேரை நெருங்கிச் சாவு பதிவானது. செய்திக்குறிப்பில் இணைநோய் இல்லாதவர்கள் என்ற பிரிவு கணிசமாக நீண்டது. ஐ.சி.எம்.ஆர். தேசியப் பதிவேட்டிலும் இரண்டாம் அலையில் மருத்துவமனைக்கு வந்தவர்கள் முதல் அலையில் வந்தவர்களைவிடச் சராசரியில் சற்று இளையவர்கள். அப்படியிருந்தும் சேர்க்கப்பட்டவர்களில் இறந்தவர்களின் விகிதம் ஏறத்தாழ 10 சதவீதத்திலிருந்து 13 சதவீதமாக உயர்ந்தது. டெல்டா வகை வைரஸ் கடுமையானது என்பது உண்மையே. ஆனால் படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் வரிசையில் நின்ற வாரங்களும் அவைதான். இளையவர்களும் வேறு நோயில்லாதவர்களும் கூடுதலாக வந்த நேரத்தில் சாவு விகிதமும் உயர்ந்தது என்றால், நோயாளியின் உடலுக்கு வெளியே உள்ள காரணங்களைத் தேடாமல் முடியாது. இணைநோய் இல்லை என்று எழுதப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு அது கண்டுபிடிக்கப்படாமலே இருந்தது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் பரிசோதனையைச் சேர்க்கையின்போதே செய்திருந்தால், பழைய நீரிழிவையும் தொற்றாலும் ஸ்டீராய்டாலும் புதிதாக ஏறிய சர்க்கரையையும் பிரித்திருக்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் மருத்துவமனைக் கணக்கில் வந்தவர்களைப் பற்றியது. அந்தக் கணக்கே முழுதில்லை. 2020 ஜூலை 22 அன்று, விடுபட்டுப்போன 444 சென்னை மரணங்களை அரசு தன் கணக்கில் சேர்த்தது. மரணங்களைத் தணிக்கை செய்ய அமைத்த குழுவின் பரிந்துரை அது, வெளிப்படையாக அறிவித்ததைப் பாராட்ட வேண்டும். அதற்குப் பிறகும் இடைவெளி பெரிதாகவே இருந்தது. ஜோசப் லெவ்னார்ட் குழுவினர் சென்னையின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து, 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை வழக்கத்தைவிட ஏறத்தாழ 26,000 மரணங்கள் கூடுதல் என்று கணக்கிட்டார்கள். அரசின் கோவிட் கணக்கில் சென்னைக்கு அதுவரை இருந்தது 8,000-ஐ ஒட்டிய எண். வசதி குறைந்த பகுதிகளில் சாவு கூடுதலாக இருந்ததையும் அந்த ஆய்வு காட்டியது. கூடுதல் மரணம் எல்லாமே கோவிட் இல்லை, டயாலிசிஸ் கிடைக்காதவரும் மாரடைப்போடு வீட்டிலேயே இருந்தவரும் அதில் உண்டு என்பது சரியான மறுப்பு. அவர்களும் மருத்துவமனைக்கு வந்துசேராதவர்கள்தான். எல்லை மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி சாவு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். ஓசூரிலிருந்தோ மத்தூரிலிருந்தோ போய்ப் பெங்களூர் மருத்துவமனையில் இறந்தவரின் பதிவு கர்நாடகத்தில் இருக்கும். எனவே மருத்துவமனை மரணங்களை மட்டும் வைத்து யார் ஆபத்தில் இருந்தார்கள் என்று முடிவுகட்டுவது, படுக்கை கிடைத்தவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டுக் கிடைக்காதவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதாகும்.

அரசு மருத்துவமனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பெரிய அரசு மருத்துவமனைகளில் சாவு விகிதம் அதிகம், எனவே சிகிச்சை மோசம் என்ற பேச்சு அப்போது பரவலாக இருந்தது. தனியாரில் வைத்திருந்து, பணம் தீர்ந்த பிறகோ நிலைமை கைமீறிய பிறகோ அனுப்பப்பட்ட நோயாளிகள் கடைசியில் வந்துசேர்ந்த இடம் அதுதான். மாவட்ட மருத்துவமனைகள் அனுப்பியவர்களும் அங்கேதான் வந்தார்கள். குறிப்பில் இருக்கும் சேர்ந்த தேதி கடைசி மருத்துவமனையின் தேதி. அதற்கு முன் இரண்டு மூன்று வாசல்களில் ஏறி இறங்கியது வரியில் வராது. இப்படி வந்தவரின் சாவை அந்தக் கடைசி மருத்துவமனையின் தலையில் கட்டுவது நியாயமில்லை. தனியாரையும் இதில் ஒட்டுமொத்தமாகக் குற்றவாளியாக்க முடியாது, அவர்களிடமும் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருந்தது.

சாவின் தன்மை உடலோடு ஊரையும் பொறுத்தது என்பதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. 1918 இன்ஃபுளுயன்சாவில் உலகெங்கும் 20 முதல் 40 வயதுக்காரர்கள் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் சாவு என்பதே குறைந்தபட்ச மதிப்பீடு, அதிலும் பெண்கள் ஆண்களைவிட அதிகமாக இறந்ததாக அக்காலப் பதிவுகள் காட்டுகின்றன. நோயுற்றவர்களைக் கவனித்தவர்களும், பஞ்ச ஆண்டில் கடைசியாகச் சாப்பிட்டவர்களும் அவர்களே. 2009 பன்றிக் காய்ச்சலில் கர்ப்பிணிகள் தனி ஆபத்துப் பிரிவாகத் தெரிந்தார்கள். ஒவ்வொரு சுவாச நோயும் தனக்கென்று ஒரு சாவுப் பட்டியலை எழுதுகிறது, ஆனால் அந்த ஊரில் ஏற்கெனவே யார் பலவீனமாக விடப்பட்டிருந்தார்களோ அவர்களையே பெரும்பாலும் எடுக்கிறது.

ஆபத்தை மாற்ற முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே தெளிவான சான்று இருக்கிறது. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் தமிழகக் காவல்துறையின் 1,17,524 பேரை 2021 பிப்ரவரி 1 முதல் மே 14 வரை கவனித்தது. அந்த இடைவெளியில் 31 பேர் கோவிடால் இறந்தார்கள். அவர்களில் 20 பேர் தடுப்பூசியே போடாதவர்கள், 7 பேர் ஒரு தவணை போட்டவர்கள், 4 பேர் இரண்டும் போட்டவர்கள். மொத்தக் காவலர்களில் தடுப்பூசி போடாதவர்கள் 17,000 பேர்தான், இரண்டு தவணை போட்டவர்கள் 67,000-க்கு மேல் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். சாவைத் தடுப்பதில் ஒரு தவணைக்கு 82 சதவீதமும் இரண்டு தவணைக்கு 95 சதவீதமும் பலன் என்று ஆய்வு கணக்கிட்டது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் இயல்பாகவே உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்களாக இருக்கலாம் என்று சொல்லலாம். ஆனால் ஒரே வேலை, ஒரே வெயில், ஒரே சோதனைச்சாவடி என்று இருந்தவர்களிடம் இவ்வளவு பெரிய வேறுபாட்டை அந்த ஒரு காரணம் விளக்கிவிடாது. வயதையும் பாலினத்தையும் நம்மால் மாற்ற முடியாது. ஒரு ஊசியும், ஒரு சர்க்கரை மாத்திரையும், மூன்று நாள் முன்னதாகக் கிடைத்த ஆக்சிஜனும் மாற்றும்.

மக்கள் தாமாகத்தானே தாமதமாக வந்தார்கள், அதற்கு அரசு என்ன செய்யும் என்பது கடைசியாக எழும் மறுப்பு. பயந்தார்கள் என்பது உண்மை. மெடிக்கலில் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள் என்பதும் உண்மை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. தொற்று உறுதியானால் வீடும் தெருவும் அடைபடும். மருத்துவமனைக்குள் போனால் உறவினர் பக்கத்தில் இருக்க முடியாது, இறந்தால் முகம்கூடப் பார்க்க முடியாது. இவ்வளவையும் எடைபோட்ட ஒருவர் இன்னும் ஒருநாள் பார்ப்போம் என்று நினைத்ததை அறியாமை என்று ஒதுக்க முடியாது. மூச்சுத்திணறலை உணராமலே ஆக்சிஜன் இறங்குவது இந்நோயின் தந்திரம் என்பதால், விரலில் மாட்டிப் பார்க்கும் ஒரு சிறு கருவி வீட்டுக்கே வந்திருந்தால் அந்த ஒருநாள் மிச்சமாகியிருக்கும். சில இடங்களில் அது வந்தது.

2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கு வரும் திட்டம் அது. 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் பெற்றது. அடுத்த சுவாசத் தொற்றில் யார் இறப்பார்கள் என்பதைத் தீர்மானிக்கும் வேலைகளில் அதுவும் ஒன்று, எனவே அதை மாத்திரை விநியோகமாக மட்டும் நடத்தாமல், எத்தனை பேருக்கு நோய் கட்டுக்குள் வந்தது என்ற எண்ணை ஒன்றியம் ஒன்றியமாக அரசு வெளியிட வேண்டும். பழைய மரணக் குறிப்புகள் இன்னும் இருக்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்தவர் என்று எழுதப்பட்ட ஒவ்வொரு வரியையும் எடுத்து, முதல் காய்ச்சல் என்று, முதலில் பார்த்த மருத்துவர் யார், எத்தனை மருத்துவமனை மாறினார், முதன்முதலில் ஆக்சிஜன் அளவு பார்த்தது எந்த நாள், அப்போது எவ்வளவு இருந்தது என்ற ஐந்து விவரங்களைக் குடும்பத்தாரிடமும் பதிவேடுகளிலும் கேட்டுச் சேர்க்கலாம். பெங்களூரில் பதிவான நம்மவர்களின் சாவுகளைக் கர்நாடகத்திடமிருந்து கேட்டுப் பெறலாம். போலுப்பள்ளி மருத்துவக் கல்லூரியில் சமுதாய மருத்துவத் துறை இருக்கிறது, மாணவர்கள் இருக்கிறார்கள், அந்தக் குடும்பங்களும் இதே ஊர்களில்தான் இருக்கின்றன. குடும்பத்தார் நினைவில் அந்த நாள்கள் இன்னும் தேதியோடு இருக்கும்போதே கல்லூரி இந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும்.